தோற்றவளின் சட்டை

ஆசிய ஜூடோ போட்டியின் முடிவு எங்கள் ஊருக்கு மூன்று தவணைகளில் வந்தது. முதல் தவணை இரண்டே நாளில், டெலிபோன் டிரங்க் லைன் வழியாக. இரண்டாவது அதற்கு மறுநாள், செய்தித்தாளில் ஒரு படமாக. மூன்றாவது என் கைக்கு வந்து சேர ஆறு வருடம் ஆனது. அந்த ஆறு வருடமும் நான் ஒருத்தியோடு பேசாமல் இருந்தேன்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. போட்டி எந்த வருடம், எந்த நாட்டில் என்பதையும் சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது தேடிப் பிடித்து அவள் வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள். எண்பதுகளின் தொடக்கம், நாற்பத்தெட்டு கிலோ எடைப் பிரிவு என்கிற வரைக்கும் தெரிந்தால் போதும். அப்போது நானும் நாற்பத்தெட்டு கிலோதான். இன்று என்னைப் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பச் சொல்லி நானும் யாரையும் கெஞ்சவில்லை.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் எங்கள் பெண்கள் பள்ளிக்கு ஒரு பி.டி. டீச்சர் மாற்றலாகி வந்தார். எங்களைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். எங்கோ ஆறு வார முகாமில் ஜூடோ கற்றுக்கொண்டு, ஒரு படப் புத்தகமும் இரண்டு வெள்ளைச் சட்டைகளும் கையோடு கொண்டுவந்திருந்தார். கற்றுக்கொடுத்தார் என்று சொல்வதைவிட, புத்தகத்தை நடுவில் விரித்துவைத்து எங்களோடு சேர்ந்து அவரும் படித்தார் என்பதுதான் சரி. திண்டிவனம் ரோட்டில் ஒரு மண்டிக்காரர், மல்லாட்டை வரத்து இல்லாத மாதங்களில் தன் கொட்டகையை எங்களுக்கு விட்டார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். உமி அடைத்த சாக்குகளை நெருக்கிப் போட்டு, மேலே லாரிப் படுதாவை இழுத்துக் கட்டினால் அதுதான் மேட். மூச்சை இழுத்தால் மல்லாட்டைத் தூசி மூக்கில் ஏறும். ஏழு பெண்கள் சேர்ந்தோம்.

அவள் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுடைய அப்பா அந்த மண்டிக்கு மல்லாட்டை போடுகிறவர். தெரிந்த இடம் என்பதால்தான் மகளை அனுப்பினார். "சண்டைன்னு சொல்லாதீங்க டீச்சர், எக்சசைஸுன்னு சொல்லுங்க" என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். நான் ஊருக்குள்ளேயே இருந்தவள். முதல் நாளே எங்கள் இரண்டு பேரையும் தராசில் நிறுத்தி, ஒரே எடை என்பதால் ஜோடியாக்கிவிட்டார்கள். மூட்டை நிறுக்கும் தராசு அது. அதில் நின்றபடி அவள் என்னைப் பார்த்து, "மூட்ட சரியாக்கீதா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்கு அவள்தான்.

இங்கே சட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜூடோச் சட்டை ஜமுக்காளம் மாதிரி கனம். எதிராளி அதைப் பிடித்துத்தான் தூக்கி எறிவாள், ஆகவே மெல்லிசாக இருந்தால் ஒரே இழுப்பில் கிழிந்துவிடும். பேன்ட்டை ஆளுக்கொன்று காடாத் துணியில் தைத்துக்கொண்டோம். சட்டையைத் தைக்க முடியவில்லை. அப்படிப்பட்ட துணி எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. ஜமுக்காளத்தையே வெட்டிக்கொண்டு போனால் தையல்காரர் மிஷினில் ஊசி உடைந்தது. இரண்டு ஊசி உடைந்ததும் அவர் எங்களை உள்ளேயே விடவில்லை. ஆக, ஏழு பேருக்கு இரண்டு சட்டை.

அதற்கு ஒரு ஒழுங்கு ஏற்பட்டது. ஜெயித்தவள் சட்டையோடு நிற்பாள். தோற்றவள் குனிந்து வணக்கம் சொன்ன கையோடு சட்டையைக் கழற்றி அடுத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, உள்ளே போட்டிருக்கும் பனியனோடு ஓரமாகப் போய் உட்கார வேண்டும். இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவள் நான்தான். தோற்றவர்கள் சட்டையோடு மூலையில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். அடுத்தவள் காத்திருப்பாள். பஸ்ஸுக்கு நேரமாகும். எனக்குப் பொறுமை என்பது அப்போதும் கம்மி, இப்போதும் கம்மி. "தோத்தவளுக்கு எதுக்குடி சட்ட? கழட்டு" என்று கத்துவேன். டீச்சர் சிரிப்பார். ஒரு மாதத்தில் கத்த வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. தோற்றதும் கை தானாகவே பெல்ட்டுக்குப் போய்விடும்.

அவள் அபூர்வமாகத்தான் தோற்பாள். தோற்கிற அன்று எல்லாரையும்விட வேகமாகக் கழற்றுபவள் அவள்தான். முகத்தை யாரும் பார்ப்பதற்குள் சட்டையை நான்காக மடித்து நீட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விடுவாள். திரும்பி வரும்போது முகமெல்லாம் தண்ணீராக இருக்கும். அதில் எது தொட்டித் தண்ணீர் என்று நாங்கள் கேட்டதில்லை.

நான் அவளுக்கு விழுகிறவள். ஜூடோவில் முதலில் கற்றுத்தருவது விழுவதைத்தான். முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகு தரையைத் தொடுகிற நேரத்தில் கையால் மேட்டை ஓங்கி அடிக்க வேண்டும். அடித்தால் வலி கைக்குப் போய்விடும், முதுகுக்கு வராது. ஒருத்தி எறிந்து பழக வேண்டுமானால் இன்னொருத்தி விழுந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு மாலைக்கு நூறு தடவை, நூற்றைம்பது தடவை என்று விழுவேன். அவள் இடுப்பைக் கொடுத்துத் திரும்பியதும் என் கால் இரண்டும் தரையை விட்டுவிடும். கூரைத் தகரமும் அதில் இருந்த ஓட்டை வழியாக வரும் வெயிலும் ஒரு கணம் கண்ணில் படும். அப்புறம் படுதா. எனக்கு அந்த ஒரு கணம் அவ்வளவு பிடிக்கும். எறிகிறவளைவிட எனக்குத்தான் அதிகம் கிடைக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இதை அவளிடம் சொன்னதில்லை.

போட்டிக்கு முன் எடை குறைக்க வேண்டி வரும். அரைக் கிலோ, முக்கால் கிலோ ஜாஸ்தி இருந்தால், விடிந்ததும் இரண்டு பேரும் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு மலை சுற்றக் கிளம்புவோம். சித்திரை வெயிலில், சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், பதினான்கு கிலோமீட்டர், பாதி ஓட்டம் பாதி நடை. எதிரே வருகிற பெரியவர்கள் நின்று கும்பிடுவார்கள். ஒரு அம்மா எங்கள் நெற்றியில் விபூதி பூசி, "இந்த வயசுல இன்னா பக்தி, பச்சத் தண்ணி பல்லுல படாம சுத்துதுங்க பாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். நாங்கள் அடிமுடியைத் தேடவில்லை, அரைக் கிலோவைத் தொலைக்க வந்தோம் என்று எப்படிச் சொல்வது? அவள் முகத்தை பயபக்தியாக வைத்துக்கொண்டு என்னை முழங்கையால் இடித்தாள். அடுத்த லிங்கம் வரை சிரித்துக்கொண்டே ஓடினோம். அப்படிச் சிரித்ததிலேயே நூறு கிராம் குறைந்திருக்கும்.

பிறகு எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. மாநிலப் போட்டிக்கு ஒரு எடைக்கு ஒருத்திதான் போகலாம். நான் வேலைக்குப் போனேன், அவள் மெட்ராஸுக்குப் போனாள். இதில் தியாகம் ஒன்றும் இல்லை. அவள் என்னைவிட நல்ல ஆட்டக்காரி, எனக்கு வீட்டில் பணம் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கொட்டகைக்குப் போய் அவளுக்கு விழுந்துவிட்டு வருவேன். மற்ற நாட்களில் தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஸ்விட்ச் பலகையில் இணைப்பு வயர்களைச் செருகிக்கொண்டிருக்கும்போது வலது உள்ளங்கை எதையாவது அடிக்க வேண்டும் என்று துருதுருக்கும்.

மாநிலத்தில் ஜெயித்தாள். தேசியப் போட்டியிலும் ஜெயித்தாள். இரண்டிலும் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. ஆகவே தோற்றவர்கள் அதற்கப்புறம் என்ன செய்கிறார்கள் என்று அவள் பார்த்ததே இல்லை. நாங்கள் யாருமே பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்த சட்டம் டீச்சர் சொன்னதுதான்: தோற்றால் வெளியே.

இந்திய அணியில் அவள் பெயர் வந்தபோது அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார்கள். ஆந்திரா பக்கம், சித்தூரைத் தாண்டி ஒரு ஊரில் இரும்புக்கடை. அவளுடைய நைனா கெட்டவர் இல்லை. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றும் கூப்பிடுவோம். அவர் மகளை உட்காரவைத்து, "மெடலு எடுத்தா போலீஸ்ல வேல குடுப்பாங்கன்னு சொல்றாங்க. எடுத்துக்கினு வா, மாப்பிள வூட்டுக்கு நானே வேணாம்னு சொல்லிடறேன். எடுக்கலன்னா வைகாசில கல்யாணம். நான் ஒன்ன ஏமாத்தல, நீயும் என்ன ஏமாத்தாத" என்றார். அவள் சரி என்றாள். பேரம் நியாயமாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

டீச்சர் இரண்டு சட்டைகளில் நல்லதை அவளுக்கே கொடுத்துவிட்டார். நல்லது என்றால், வலது கக்கத்தில் மட்டும் கிழிந்தது. நான் அதற்கு மைதா மூட்டைத் துணியில் ஒட்டுப் போட்டேன். துணியில் இருந்த நீலப் பட்டை எவ்வளவு துவைத்தும் போகவில்லை. "போவட்டும் வுடு, கைய தூக்கினாத்தான தெரியும்" என்றாள். "ஜெயிச்சா கைய தூக்குவாங்கடி" என்றேன். "அப்ப தெரியட்டும்" என்றாள். கையாலேயே தைத்தேன். தடித்த ஊசி, இரட்டை நூல், விரல் முழுக்கக் குத்து. பஸ் ஸ்டாண்டில் அவள் சட்டை இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்ததைத்தான் கடைசியாகப் பார்த்தேன். அதாவது எங்களுக்குள் எல்லாம் சரியாக இருந்தபோது கடைசியாக.

போட்டி முடிந்த மறுநாளும் அதற்கு மறுநாளும் நான் டூட்டியில் இருந்தேன். எங்கள் ஊருக்குக் காலை பேப்பர் பஸ்ஸில் வந்து சேர வெயில் ஏறிவிடும். மெட்ராஸ் எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் இருந்தாள். முகம் தெரியாது, குரல் மட்டும் பழக்கம். லைன் காலியாக இருந்தபோது அவளைப் பிடித்து, "விளையாட்டுப் பக்கம் மட்டும் படிங்க" என்று கெஞ்சினேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் அவள் பக்கங்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "ஒரு வெண்கலம்னு போட்டிருக்குங்க" என்றாள். என் பக்கத்து நாற்காலிக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தனக்கு வந்த அழைப்பை அப்படியே விட்டுவிட்டாள். "எந்த வெயிட்டு?" என்றேன். "அம்பத்திரண்டு." "நாப்பத்தெட்டு?" மறுபடி காகிதச் சத்தம். "நாப்பத்தெட்டுல முதல் ரவுண்டிலேயே தோல்வின்னு இருக்குங்க. உங்க சொந்தக்காரங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு லைனைத் துண்டித்தேன்.

மறுநாள் படம் வந்தது. வாசகசாலையில் நின்றுகொண்டே பார்த்தேன். ஐம்பத்திரண்டு கிலோவில் வெண்கலம் வாங்கிய பெண், வேறு மாநிலத்துக்காரி, மெடலைப் பிடித்த வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தாள். கக்கத்தில் ஒரு ஒட்டு. அதன் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. பேப்பரில்தான் கறுப்பு. அது நீலம் என்று எனக்குத் தெரியும். என் தையல் எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கத்தை அங்கேயே கிழித்துக்கொண்டு வந்துவிட்டேன். வாசகசாலைக்காரர் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். அதன் பிறகு என்னை அவர் உள்ளே விட்டதில்லை.

எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். அவள் தோற்றதற்கு இல்லை. தோற்ற அன்றே எங்கள் சட்டையை எவளுக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று. எல்லாம் முடிந்தது, இனி எதற்கு என்று உதறிவிட்டாள் என நினைத்தேன். நான் ஞாயிறுதோறும் விழுந்ததையும் சேர்த்து உதறியதாக எனக்குப் பட்டது.

ஊர் தன் பங்குக்குப் பேசியது. டீக்கடையில், "அவ்ளோ தூரம் பிளேன்ல போயி ஒரு நிமிஷத்துல மல்லாந்துட்டாளாம்" என்றார்கள். அவள் பதினெட்டு நாள் கழித்து, டெல்லியில் ஒரு முகாமையும் முடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். வீட்டுக்குப் போவதற்கு முன் நேராக எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினாள். இளைத்திருந்தாள். கன்னத்தில் படுதா உரசின மாதிரி ஒரு காயம் ஆறிக்கொண்டிருந்தது. நான் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

"சட்ட எங்க?" என்றேன்.

"குடுத்துட்டேன்."

"ஏன்?"

"கேட்டா, குடுத்தேன்."

"தோத்தவளுக்கு எதுக்கு சட்டன்னு குடுத்துட்டியா?"

சொன்ன பிறகுதான் அது என் பழைய வசனம் என்பது உறைத்தது. அவள் என்னையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். அந்தப் பார்வையை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். "ஆமா, அதுக்குத்தான் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனாள். வைகாசியில் கல்யாணம் நடந்தது. பத்திரிகை வந்தது. போகவில்லை. அன்று எனக்கு லீவு இருந்தும் டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டு பலகை முன் உட்கார்ந்திருந்தேன். பத்திரிகையை மட்டும் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தேன்.

கோபத்தில் இருக்கிறவர்களுக்கு ஞாபகம் வராது என்று யார் சொன்னது? எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் உடம்பு வலிக்கும், விழாததனால் வருகிற வலி. மலை சுற்றுகிற கூட்டத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து சிரித்துக்கொண்டு போனால் எரிச்சலாக வரும். எனக்கும் கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் யாரையாவது நம்பி இரண்டு காலையும் தரையிலிருந்து எடுத்துவிடலாம் என்ற எண்ணம் எனக்கு அப்புறம் யாரிடமும் வரவில்லை. அவள் வேண்டும் என்று இருந்தது. வேண்டும் என்று இருந்ததாலேயே கோபம் இன்னும் கெட்டியானது. எதிரே வந்தால் பேசியிருப்பேன். அவள் எதிரே வரவில்லை. நானாகப் போவதற்கு எனக்கு மனசு வணங்கவில்லை.

ஆறாவது வருடம் பி.டி. டீச்சருக்கு மாற்றல் வந்தது. சாமான் கட்ட உதவிக்குப் போனேன். பீரோவின் மேல் தட்டில் பிரிக்காத ஒரு பழுப்புக் கவர் இருந்தது. வெளிநாட்டுத் தபால்தலை. "அது அந்தப் போட்டி நடத்துனவங்க கப்பல் தபால்ல அனுப்புனதும்மா. ரிசல்ட் புக்கு. முதல் ரவுண்டுதானேன்னு பிரிக்கவே மனசு வரல" என்றார். நான் பிரித்தேன்.

பக்கத்துக்குப் பக்கம் கிளை கிளையாகப் பிரிந்து சேர்கிற கோடுகள். நாற்பத்தெட்டு கிலோ பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. ஒரு கோடு, அதோடு சரி. அவளைத் தோற்கடித்தவளின் கோடு மேலே மேலே போய்த் தங்கத்தில் முடிந்தது. சரி, லேசுப்பட்டவளிடம் தோற்கவில்லை என்று ஒரு சின்ன ஆறுதல். பக்கத்தைத் திருப்பினேன். அங்கே சின்னதாக இன்னொரு கட்டம். அதிலும் அவள் பெயர் இருந்தது.

"டீச்சர், இது இன்னா, ரெண்டாவது வாட்டியும் அவ பேரு போட்டுக்கீது?"

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருந்த விதிகளை விரல் வைத்துப் படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிப்போனது. தோற்றால் வெளியே இல்லை. யாரிடம் தோற்றாயோ அவள் இறுதிப் போட்டி வரை போய்விட்டால், உன்னை மறுபடி கூப்பிடுவார்கள். அடுத்து வருகிறவர்களை ஜெயித்தால் வெண்கலம். அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் பெயருக்கு எதிரே, ஆட வரவில்லை என்று குறித்திருந்தது. ஆட்டமே ஆடாமல் ஜெயித்த அந்த எதிராளி, அடுத்து ஒரே ஒரு ஆட்டம் ஆடி வெண்கலம் வாங்கியிருந்தாள்.

"எனக்கு இது தெரியாதும்மா" என்றார் டீச்சர். இரண்டு தடவை சொன்னார்.

நான் ஐம்பத்திரண்டு கிலோ பக்கத்தைத் தேடினேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எந்த மேட், எத்தனை மணி என்று போட்டிருந்தது. மைதா மூட்டை ஒட்டுப் போட்ட சட்டை இரண்டாம் மேட்டில் ஆடிக்கொண்டிருந்த அதே நேரத்தில் முதல் மேட்டில் என் சிநேகிதியின் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தோற்றதும் அவள் கை எங்கே போயிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் மத்தியானம், லைன் ஓய்ந்திருக்கிற நேரம், கல்யாணப் பத்திரிகையைப் பையிலிருந்து எடுத்தேன். கீழே மாப்பிள்ளையின் இரும்புக்கடை நம்பர் இருந்தது. வேலூரைப் பிடித்து, வேலூர் சித்தூரைப் பிடித்து, சித்தூர் அந்த ஊரைப் பிடித்தது. ஒரு ஆண் குரல் தெலுங்கில் அலோ என்றது. வீட்டம்மாவிடம் பேச வேண்டும், திருவண்ணாமலை என்றேன். தட்டு முட்டுச் சத்தம். யாரோ ஓடுகிற சத்தம். கடைக்குப் பின்னால்தான் வீடு போலிருக்கிறது.

"அலோ."

"நாந்தான்."

"தெரியுது" என்றாள். "கோவம் ஆறிடுச்சா?"

"புக்கு பாத்தேன். ரெண்டாவது வாட்டி ஒன் பேர கூப்டாங்களா?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்றாள். நான் விடவில்லை.

"கூப்டாங்க" என்றாள் கடைசியில். "அந்த அம்பத்திரண்டு கிலோ பொண்ணு சட்டைல கை நீளம் கம்மின்னு அளந்து பாத்து வேணாம்ட்டாங்க. அழுதுக்கினு நின்னா. நான் அப்பத்தான் தோத்துட்டு வரேன். கேட்டான்னு ஒங்கிட்ட அன்னிக்கு சும்மா சொன்னேன், யாரும் கேக்கக்கூட இல்ல. கழட்டி மடிச்சு குடுத்துட்டேன். நமக்கு அதானே பழக்கம்."

"அப்புறம்?"

"ஒக்காந்துக்கினு இருந்தேன். கோச் ஓடியாந்து, கூப்புடறாங்க, வா வான்றாரு. எனக்குப் புரியவேயில்ல. தோத்தவள எதுக்குக் கூப்புடறாங்க? சட்ட எங்கன்னாரு. அங்க பாத்தா அவ பாதி ஆட்டத்துல இருக்கா. நிறுத்தி கழட்டுன்னு சொல்ல முடியுமா? அவளோட குட்டக் கை சட்டைய மாட்டிக்கினு ஓடினேன். ஓடறப்ப தடுக்கி வுழுந்து கன்னம் தேஞ்சிடுச்சு. அங்கயும் அளந்தாங்க. வேணாம்னு வெளிய அனுப்பிட்டாங்க. மூணு வாட்டி பேரு கூப்டாங்க. நின்னு கேட்டுக்கினு இருந்தேன்."

கன்னத்தில் இருந்த காயம் எனக்கு அப்போது மறுபடி கண்ணில் தெரிந்தது. அதை நான் கேட்கவில்லை. சட்டையைத்தான் கேட்டேன்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல? வாசல்ல வந்து நின்னியே, அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல? ஆறு வருசம்டி."

"சொல்லத்தான் வந்தேன். வூட்டுக்குக்கூட போவாம ஒங்கிட்டதான் வந்தேன். நீ அந்த வார்த்தைய சொன்ன பாரு, அப்பத்தான் எனக்கே உறைச்சுது. நீ போட்ட ரூலாச்சே. தெரிஞ்சா நீ தாங்கமாட்ட. எம்மேல கோவமா இருந்தா இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன்."

ஹெட்செட்டின் வாய்ப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதேன். மூன்று நிமிடம் ஆனால் குறுக்கே வந்து, இன்னும் நீட்டட்டுமா என்று கேட்க வேண்டியது ஆபரேட்டரின் வேலை. நான் ஆயிரம் பேரிடம் அப்படிக் கேட்டிருக்கிறேன். வேலூர்க்காரி கேட்கவில்லை. சித்தூரும் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி என் பலகையில் விழுந்த விளக்குகளுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அழுவாத" என்றாள் அவள். "நைனாகிட்ட மட்டும் சொல்லிடாத. அவரு பேரம் பேசினாரு, நான் ஒத்துக்கினேன், முடிஞ்சுது. சட்ட இல்லாம நின்னேன்னு தெரிஞ்சா அவருக்கு சோறு எறங்காது."

"அந்தச் சட்ட?"

"அவளே வச்சிக்கினா. அதிர்ஷ்டச் சட்டன்னா. ஒன் தையல் பிரியவே இல்லியாம், லெட்டர் போட்டிருந்தா."

இன்னும் யாரும் லைனைத் துண்டிக்கவில்லை. அவள் பக்கத்தில் கடையில் யாரோ கம்பியை எடை போடுகிற சத்தம் கேட்டது.

"இப்ப எவ்ளோ இருக்க?" என்று கேட்டாள்.

"அறுவத்தி ரெண்டு."

"நான் அறுவது. வந்தா வுழுவியா?"

"வாடி, வுழறேன்" என்றேன்.

வருகிறேன் என்றாள். தீபத்துக்கு வருவதாகச் சொன்னாள், அந்த வருடம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. இன்னொரு வருடம் பிள்ளைக்குப் பரீட்சை. அப்புறம் அவளுடைய நைனா காலமானபோது வந்தாள், நான் இரண்டாவது பிரசவத்துக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இன்றும் போனில் பேசுகிறோம், வாரம் தவறுவதில்லை. முகத்தைப் பார்த்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. போன மாதம்கூட, "இந்தத் தீபத்துக்கு நிச்சயம் வரேன், வுழுவியா?" என்று கேட்டாள். எலும்பு டாக்டர் என்னைத் தரையில் உட்காரவே கூடாது என்று சொல்லியிருப்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. வுழறேன் என்றுதான் சொன்னேன்.